இடுப்பு என்பை வெட்டாமல்...



முறிந்த என்பு பொருந்திவிடும். அது அல்லாஹ் நம் உடம்பில் வைத்த ஏற்பாடு. ஆனால் விபத்திலோ புற்றுநோயிலோ ஒரு பெரிய துண்டே இல்லாமற் போனால் அந்த இடைவெளி தானாக மூடாது. வைத்தியர்கள் நோயாளியின் இடுப்பிலிருந்து என்பு வெட்டி அங்கே வைப்பது வழக்கம். ஒரு காயம் ஆற இன்னொரு காயம்!

இப்போது இடைவெளியை ஸ்கேன் செய்து, கணினி மூலம் அதே வடிவில் படைபடையாக ஒரு சட்டகத்தை அச்சிடுகிறார்கள். அதன் மூலப்பொருள் என்பிலுள்ளதைப் போன்ற கல்சியம் பொஸ்பேற்று, அல்லது உடலில் மெல்லக் கரையும் பொலிகப்ரோலக்டோன். நுண்துளைகளினூடே குருதிக்குழாய்கள் நுழைந்து புது என்பு வளர வளர, சட்டகம் கரைந்துவிடும். சிங்கப்பூரில் உருவான இத்தகைய மண்டையோட்டு அடைப்பான்களுக்கு 2006 இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. உடற்பாரம் தாங்கும் கால் என்புக்கு இது இன்னும் எளிதல்ல.

என்பில் கிருமி பிடித்தால் விழுங்கும் குளிசை அங்கே போதியளவு சேர்வது கடினம். முன்பு ஜென்ரமைசின் கலந்த பிளாஸ்டிக் மணிகளை உள்ளே வைத்தார்கள். அவற்றை வெளியே எடுக்க மறுபடியும் சத்திரசிகிச்சை. கரையும் சட்டகத்திலேயே மருந்தை ஏற்றினால் அந்த வேலையில்லை. இது பெரும்பாலும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது.

ஒரு விடயம். சில சட்டகங்களில் கொலாஜன், ஜெலட்டின் சேர்ப்பார்கள். அவை மாட்டிலிருந்தும் வரலாம், பன்றியிலிருந்தும் வரலாம். "டொக்டர், இது எதில் செய்தது?" என்று முன்கூட்டியே கேளுங்கள். வெட்கம் வேண்டாம். மாற்று இல்லையென்றால் உடனே ஓர் ஆலிமிடம் விசாரியுங்கள். நீங்களாகவே "ஹராம்" என்று சொல்லி வாப்பாவின் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போட்டுவிடாதீர்கள்.