டிங் லிரென் செய்தது ‘சின்னப்பிள்ளைத் தவறா’? 14-வது ஆட்டத்தைப் புரிந்துகொள்வது எப்படி?

2024 டிசம்பர் 12, வியாழக்கிழமை. சிங்கப்பூரில் மாலை 5 மணி என்றால் நமக்கு மதியம் 2.30. அலுவலக கம்ப்யூட்டரில் எக்செல், மேஜை ஓரத்தில் செல்போன், அதில் குகேஷ் - டிங் லிரென் ஆட்டம். அன்று பலருக்கும் மதியப் பொழுது இப்படித்தான் போனது. செஸ் ஆடத் தெரியாதவர்கள்கூடப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்தது உண்மையில் காய்களை அல்ல. பக்கத்தில் ஏறி இறங்கும் கறுப்பு வெள்ளைப் பட்டையை.

ஆட்டம் முடிந்ததும் ஒரே பேச்சுதான்: “ஈஸியா டிரா பண்ணியிருக்கலாமே, டிங் இப்படி கோட்டை விட்டுட்டாரே!” இது நியாயமான பேச்சா?

அன்று நிலவரம் என்ன?

13 ஆட்டங்கள் முடிந்திருந்தன. முதல் ஆட்டத்திலும் 12-வது ஆட்டத்திலும் டிங் வென்றார். 3-வதிலும் 11-வதிலும் குகேஷ் வென்றார். மற்ற ஒன்பதும் டிரா. ஆளுக்கு 6.5 புள்ளி. கடைசி ஆட்டமும் டிரா ஆனால், மறுநாள் ரேபிட் முறையில் டைபிரேக். வேக ஆட்டத்தில் டிங்கின் கை ஓங்கியிருக்கும் என்று பலரும் கணித்தனர். எனவே வெள்ளைக் காய்களுடன் ஆடியும், டிங் டிராவை நோக்கியே நகர்ந்தார். ஒரு சிப்பாயை விட்டுக்கொடுத்து, காய்களை வெட்டிக் குறைத்து, ஆட்டத்தை எளிமையாக்கினார்.

55-வது நகர்வில் நடந்தது என்ன?

இருவரிடமும் ஒரு யானை, ஒரு பிஷப். சிப்பாய்கள் குகேஷிடம் இரண்டு, டிங்கிடம் ஒன்று. கணினிக் கணக்கில் இது டிரா. ஆனால், டிங்கின் பிஷப் a8 என்ற மூலைக் கட்டத்தில் நின்றது. மூலையில் நிற்கும் பிஷப்புக்கு ஒரே ஒரு வழிதான் உண்டு.

அந்த நேரத்தில் டிங் யானையை f2 கட்டத்துக்கு நகர்த்தினார். குகேஷ் யானைகளை வெட்டிக்கொண்டார். அடுத்து தன் பிஷப்பை d5-ல் வைத்து அந்த ஒரே வழியையும் அடைத்தார். பிஷப்களும் வெட்டுப்பட்டன. மிஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும். அந்த நிலையில் ஒரு சிப்பாய் கூடுதல் என்பது வெற்றி. 58-வது நகர்வில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

பட்டை காட்டாதது எது?

இன்ஜினுக்குக் களைப்பு இல்லை, பயம் இல்லை. ‘டிரா’ என்று அது சொல்வதற்கு, இரு பக்கமும் சரியான நகர்வை மட்டுமே ஆடினால் டிரா என்று பொருள். அந்தச் சரியான நகர்வைக் கண்டுபிடிக்க எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதை அது சொல்லாது. மூன்று வாரமாக நடக்கும் போட்டி, சுமார் நான்கு மணி நேர ஆட்டம், எதிராளியைவிடக் குறைந்த நேரம் காட்டும் கடிகாரம். இதில் எதுவும் அந்தப் பட்டையில் தெரியாது.

டிங் தவறிய நொடியிலேயே செல்போன் திரைகளில் பட்டை சரிந்துவிட்டது. ரசிகர்கள் துள்ளினார்கள். ஆனால், எதிரே உட்கார்ந்திருந்த குகேஷுக்கு அது உடனே பிடிபடவில்லை. பிறகு அவரே இதைச் சொன்னார். யோசித்துத்தான் கண்டுபிடித்தார். திரையைப் பார்ப்பவருக்குச் சட்டெனத் தெரிவது, பலகையின் முன் இருப்பவருக்குத் தெரிவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

“டிங் தூக்கிக் கொடுத்துட்டார்” என்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அது குகேஷையும் சேர்த்தே சிறுமைப்படுத்துகிறது. கறுப்புக் காய்கள், டிராவுக்குப் போகும் நிலை. ‘போதும், கை குலுக்கிடலாம்’ என்று 18 வயதில் யாருக்கும் தோன்றலாம். அவர் விடவில்லை. ஒரு சிப்பாய் கூடுதல் என்ற சின்னப் பிடியை வைத்துக்கொண்டு, “இதையும் காப்பாற்று, அடுத்ததையும் காப்பாற்று” என்று ஒவ்வொரு நகர்விலும் கேள்வி வைத்தார். தவறு தானாக வரவில்லை, வரவழைக்கப்பட்டது. 1985-ல் 22 வயதில் சாம்பியனான காஸ்பரோவின் சாதனை இப்படித்தான் முறிந்தது.

தோற்றவரும் சாக்குச் சொல்லவில்லை. மனநலச் சிக்கல்களைப் பற்றி வெளிப்படையாகப் பேசியவர் டிங். கடைசி ஆட்டம் வரை தாக்குப்பிடிப்பார் என்று போட்டிக்கு முன்பு பலர் நம்பவே இல்லை. தோற்ற பிறகு, முடிவு நியாயமானதே, வருத்தமில்லை என்றார். வென்ற குகேஷ் கண்ணீரோடு காய்களைப் பழைய இடத்தில் ஒவ்வொன்றாக அடுக்கி வைத்தார். இருவருக்கும் இருந்த அந்த மரியாதை, பார்த்தவர்களுக்கும் இருக்க வேண்டாமா?

அடுத்த முறை இப்படியொரு ஆட்டம் வந்தால், பத்து நிமிடம் அந்தப் பட்டையை மறைத்துவிட்டுப் பாருங்கள். அடுத்த நகர்வு என்னவென்று நீங்களே யோசித்துப் பாருங்கள். ‘ஈஸி டிரா’ என்ற சொல் அதற்குப் பிறகு அவ்வளவு ஈஸியாக வாயில் வராது.