எதிரே வருபவரின் கண்

போடிநாயக்கனூரிலிருந்து முந்தலைக் கடந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் விடியுமுன்னரே அதில் வரிசையாக ஏறும். அப்படியொரு வைகறையில், பின்புறம் மூட்டைகளோடு பூப்பாறையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த நான், கண்கூசி ஒரு வளைவில் காரை நிறுத்தி, எதிரே வந்த ஜீப் ஓட்டுநரைக் கடிந்துகொண்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "உங்க லைட்டும் தூக்கித்தான் சார் அடிக்குது. எனக்குப் பின்னாடி பத்து உசுரு இருக்கு."

வீடு திரும்பிச் சோதித்தபோது அவர் சொன்னது மெய்யென்று கண்டேன்.

சோதனை எளியது. சமதளத்தில், சுவரிலிருந்து 25 அடி தள்ளிக் காரை நிறுத்த வேண்டும். சக்கரங்களில் காற்று சரியாக இருக்க வேண்டும். விளக்கின் மைய உயரத்தைச் சுவரில் குறித்துக்கொண்டு, ஒரு விளக்கைச் சாக்கால் மூடி, மற்றதை டிம்மில் எரியவிட வேண்டும். ஒளியின் மேல்விளிம்பு குறிக்கு ஏறத்தாழ 2 அங்குலம் கீழே விழுந்தால் நலம். இடப்பக்கம் சற்றே மேலேறுவது இயல்பு. தவறியிருந்தால் விளக்கின் பின்னுள்ள திருகைத் திருகிச் சரிசெய்யலாம். முப்பது அங்குல உயர விளக்கின் ஒளி அப்போது 375 அடியில் தரையைத் தொடும். மாறாக, குறிக்கு 2 அங்குலம் மேலே போனாலோ, 200 அடியில் அது எதிர்க்காரில் இருப்பவரின் கண்மட்டத்தை எட்டிவிடும்.

இங்கேதான் நாம் பிழை செய்கிறோம். வெறும் வண்டியில் ஃபோகஸ் வைத்துவிட்டு, பின்னால் ஆளையும் மூட்டையையும் ஏற்றுகிறோம். பின்புறம் தாழ, முன்புறம் நிமிர்கிறது, ஒளி உயர்ந்துவிடுகிறது. அன்று என் காரும் அப்படித்தான் நிமிர்ந்திருந்தது. ஆகவே வழக்கமான பாரத்தோடுதான் சோதிக்க வேண்டும் என்பேன். விளக்கின் உயரத்தை மாற்றும் சிறு சக்கரம் பல கார்களில் உண்டு. அதைத் தொடுபவர் அரிது.

எட்டு மீட்டரில், 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண் கூசலாகாது என்பது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆம் விதி. நாமோ வெளிச்சம் போதவில்லையென்று மேலும் பிரகாசமான பல்புகளை வாங்கி மாட்டுகிறோம். போதாதது பெரும்பாலும் வெளிச்சமன்று, அதன் திசை. மலைச்சாலையில் எதிரே வருபவர் ஒரு கணம் குருடானால், பள்ளத்தில் விழுவது அவர் மட்டுமல்லர். பின்னால் அமர்ந்திருக்கும் பத்துப் பேருந்தான்.