சிவப்பு மூடியா, ஆரஞ்சு மூடியா?

பி.காம். படிக்கிறவனுக்கு ஊசியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். கணக்குத் தெரிந்தால் போதும், கோபம் தானாக வரும்!

நம் நாட்டில் இன்சுலின் குப்பி இரண்டு வகை. மில்லிக்கு 40 யூனிட் ஒன்று, 100 யூனிட் இன்னொன்று. 40க்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100க்கு ஆரஞ்சு மூடி. மாறிப் போனால்? 100 மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட். சர்க்கரை மளமளவென இறங்கி ஆள் மயங்கிவிடுவார், உயிரே போகலாம். தலைகீழாக மாறினால் 20க்குப் பதில் வெறும் 8 யூனிட். சர்க்கரை ஏறிக்கொண்டே இருக்கும்.

"பார்த்து வாங்க வேண்டியது நோயாளிதானே?" என்பார்கள். சர்க்கரை நோய் கண்ணையும் கெடுக்கும் சாமி! அந்தக் கண்ணை நம்பியா இந்த ஏற்பாடு?

"பழகியவர்களை மாற்ற முடியாது" என்பது அடுத்த சாக்கு. பிரிட்டன் 1983லேயே 100க்கு மாறிவிட்டது. அங்கே மட்டும் பழகாதவர்களா இருந்தார்கள்? மளிகைக் கடையில் இரண்டு விதப் படிக்கல் வைத்தால் சண்டைக்குப் போகிறோம். உயிர் மருந்துக்கு மட்டும் ஏன் பேசாமல் இருக்கிறோம்?

அளவு ஒன்றாகும் வரை, குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் தம்பி" என்றால், "இல்லண்ணே" என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.