அஞ்சறைப் பெட்டிக்கு அப்பால்

நூறு வருடத்துக்கு முன் அஞ்சறைப் பெட்டி ஒன்றே வைத்தியம், கடை மருந்து வாசலை மிதிக்கவில்லை, எல்லோரும் நூறு வயது வாழ்ந்தார்கள் என்கிறார் கே.கே. நகர் நண்பர். அப்படியானால் 1893-ல் பம்பாயில் நாகேஸ்வர ராவ் தொடங்கிய அமிர்தாஞ்சனத்தை யார் நெற்றியில் தடவினார்களாம்? இங்கிலாந்திலிருந்து வந்த உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டரில் கொஞ்சம் சாராயமும் இருந்தது. வசம்பைச் சுட்டு உரசிக் கொடுத்த கைகளேதான் அதையும் பாலாடையில் ஊற்றிப் புகட்டின.

சுக்குக் கஷாயத்தை நானும் விடமாட்டேன், தொண்டைக்கு இதம். நூறு வயதுக் கதைதான் சரடு. இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் இந்தியரின் சராசரி ஆயுள் 25-ஐத் தொடவில்லை. பச்சிளங்குழந்தைகளின் சாவு அதில் பெரும்பங்கு. 1918 விஷக்காய்ச்சல் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரை வாரிக்கொண்டு போனது. அவர்கள் வீட்டிலெல்லாம் மிளகு ரசம் வைக்கத் தெரியாமலா போயிற்று?