மிச்சம் வைக்கும் ஒரு புள்ளி

வீடியோ கேம் பற்றி இவர் ஏன் எழுதுகிறார் என்று வழக்கமாக இங்கே வருபவர்கள் நினைக்கலாம். பணி ஓய்வுக்குப் பிறகு பேரனிடம் கற்றுக்கொண்ட விஷயங்களில் இதுவும் ஒன்று. ‘ஃபைனல் ஃபேன்டஸி’ என்ற ஜப்பானிய விளையாட்டு வரிசையில் ‘ஹார்ட்லெஸ் ஏஞ்சல்’ என்றொரு தாக்குதல் உண்டு. இரக்கமற்ற தேவதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1994-ல் வந்த ஆறாம் பாகத்தின் வில்லன் கெஃப்கா. கோமாளி வேஷத்தில் வந்து, கடைசியில் சிறகு முளைத்துக் கடவுளாக நிற்பவன். இறுதிச் சண்டை தொடங்கியதுமே இதைத்தான் ஏவுவான். அன்றைய அமெரிக்கப் பதிப்பில் ‘ஃபாலன் ஒன்’ என்று பெயர் மாற்றியிருந்தார்கள். 1997-ல் வந்த ஏழாம் பாகத்தில் செஃபிராத் ஏவுவான். விளைவு ஒன்றே. நம் ஆட்கள் அத்தனை பேரின் உயிர்ப்புள்ளியும் ஒன்றுக்கு இறங்கிவிடும். 9999 வைத்திருந்தவனுக்கும் ஒன்று, 900 வைத்திருந்தவனுக்கும் ஒன்று.

பேரனின் நண்பர்கள் இதை அழுகுணி ஆட்டம் என்கிறார்கள். மணிக்கணக்கில் சில்லறை அரக்கர்களை அடித்துச் சேர்த்த பலம் ஒரு நொடியில் போனால் கோபம் வராதா என்பது அவர்கள் கட்சி. கோபம் நியாயம்தான். ஆனால் நான் தாக்குதலின் கட்சி.

அது யாரையும் கொல்வதில்லை. ஒரு புள்ளியை மிச்சம் வைத்துவிட்டு, இப்போது என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கிறது.

இந்த விளையாட்டில் மெகாலிக்ஸர் என்று ஒரு மருந்து இருக்கிறது. குழு முழுவதையும் ஒரே தடவையில் தேற்றிவிடும். கடையில் கிடைக்காது, தேடித்தான் எடுக்க வேண்டும். அதனாலேயே பலர் அதைத் தொடுவதில்லை. இன்னும் பெரிய ஆபத்து வரும், அப்போது பார்க்கலாம் என்று பத்திரப்படுத்துவார்கள். ஆட்டம் முடிந்து திரையில் பெயர்கள் ஓடும்போதும் அது பையில் அப்படியே இருக்கும்.

நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பீரோவில் பிரிக்காத வேட்டி, விருந்தாளிக்கென்று வைத்த கோப்பைகள், கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுப் புதுப்பிக்கும் ஃபிக்சட் டெபாசிட். பெரிய செலவு வரும் என்று காத்திருப்போம். வந்த பிறகும், இது அந்தப் பெரிய செலவு இல்லை என்போம்.

ஹார்ட்லெஸ் ஏஞ்சல் அந்தச் சந்தேகத்துக்கு இடமே வைப்பதில்லை. நீ காத்திருந்த ஆபத்து இதுதான், பையைத் திற என்கிறது. அங்கே பிழைப்பவன் நிறையச் சேர்த்தவன் அல்ல, சேர்த்ததை நேரத்தில் எடுத்தவன்.

2002-ல் அதே நிறுவனம் டிஸ்னியோடு சேர்ந்து வெளியிட்ட ‘கிங்டம் ஹார்ட்ஸ்’ விளையாட்டிலும் செஃபிராத் வருகிறான். அங்கே மந்திரப் புள்ளியும் சேர்ந்து பூஜ்யமாகும். ஆனால் தாக்குதலின் பெயரை அவன் வாய்விட்டே சொல்வான். அது பலிப்பதற்குள் ஓடிப்போய் ஓர் அடி கொடுத்தால் கலைந்துவிடும். எச்சரித்துவிட்டு அடிப்பதை அழுகுணி என்று எப்படிச் சொல்வது?

ஆகவே பேரனின் நண்பர்களுக்கு என் யோசனை இதுதான். கெஃப்காவிடம் போகும் முன் பையில் எத்தனை மருந்து இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். எதை முதலில் எடுப்பது என்று முடிவு செய்துகொண்டு போங்கள்.

என் வயதுக்காரர்களுக்கும் அதே யோசனைதான். கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிடுங்கள்.