காஞ்சியில ஒரு காலேஜ் இருந்துச்சு!

சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷன்ல நிக்கிற காலேஜ் மக்கள்ல முக்கால்வாசிப் பேர் பார்க்கிறது ஒரே திசையைத்தான். தாம்பரம், கிண்டி, பீச்! சினிமான்னாலும் சென்னை, ஷாப்பிங்னாலும் சென்னை, பர்ஸ்ல பத்து ரூபாயோட சும்மா சுத்தணும்னாலும் சென்னை. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் எதிர்த் திசையில போற ரயிலுக்கு நின்னு பாருங்க பாஸ். பரனூர், செங்கல்பட்டு தாண்டி அப்படியே வலது பக்கமா வளைஞ்சு போற அந்த ரயில், உங்களை ஒரு தலைநகரத்துல இறக்கிவிடும். சென்னைங்கிற பேரே இல்லாத காலத்துல, தென்னிந்தியாவைத் திரும்பிப் பார்க்கவெச்ச பல்லவர்களோட தலைநகரம்... காஞ்சிபுரம்!

'காஞ்சிபுரமா? அக்கா கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனோமே'ன்னு நீங்க முணுமுணுக்கிறது கேட்குது. பட்டு, கோபுரம், இட்லி பத்தியெல்லாம் ஊரே எழுதிடுச்சு. நான் சொல்லப் போறது நம்ம ஏரியா. அந்த ஊர்ல ஒரு காலேஜ் இருந்துச்சு. பேரு, கடிகை. இன்னிக்கு அதுல ஒரு செங்கல்கூட மிச்சமில்லை. இங்கேதான் இருந்துச்சுன்னு காட்ட ஒரு இடிஞ்ச சுவர்கூட இல்லை. ஆனா, அந்த காலேஜ் ஆட்களோட கதை கல்வெட்டுகள்ல பத்திரமா இருக்கு. அதைத் தேடித்தான் இந்த ஒரு நாள் டிரிப்.

முதல்ல ரயில் விஷயம். பீச்சிலிருந்து செங்கல்பட்டு வர்ற லோக்கல்கள்ல சிலது மட்டும்தான் நேரா காஞ்சிபுரம் பக்கம் போகும். மத்ததுல ஏறினா செங்கல்பட்டுல இறங்கி மாறணும். அந்த லைன்ல வண்டி கம்மி. அதனால கிளம்புறதுக்கு முன்னாடி டைம் பார்த்துக்கங்க. காலை வண்டிதான் பெஸ்ட். மதியம் கோயில்களை சாத்திட்டு, சாயங்காலம் நாலு மணி வாக்குலதான் மறுபடி திறப்பாங்க. பதினோரு மணிக்கு எழுந்திருக்கிற ஹாஸ்டல் சிங்கங்கள் கவனிக்கவும்! சீக்கிரம் எழுந்துட்டா, நம்ம ஊர்லேயே மலையைக் குடைஞ்சு செஞ்ச பாடலாத்ரி நரசிம்மர் குகையை ஒரு எட்டு பார்த்துட்டே கிளம்பலாம். அதுவும் பல்லவர் காலத்து வேலைதான். தலைநகரத்துக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு டிரெய்லர்.

செங்கல்பட்டு தாண்டினதும் இடது பக்க ஜன்னலைப் பிடிங்க. ரெட்டிப்பாளையம், வில்லியம்பாக்கம், பாலூர்... எல்லாம் சின்னச் சின்ன ஸ்டேஷன். அந்தப் பக்கம்தான் பாலாறு. தண்ணியை எதிர்பார்த்து ஏமாறாதீங்க, பெரும்பாலான மாசம் மணல்தான். பழையசீவரம் வரும்போது ஒரு மலை தெரியும். அதுக்கு எதிர்க்கரையிலதான் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் சேர்ற இடம். அங்கே இருக்கிற பெருமாள் கோயில்ல, பதினோராம் நூற்றாண்டு சோழ ராஜா வீரராஜேந்திரனோட பெரிய கல்வெட்டு ஒண்ணு இருக்கு. அதுல என்ன தெரியுமா? கோயிலோட சேர்ந்து ஒரு கல்விக்கூடம், மாணவர்களுக்கு விடுதி, 15 படுக்கை வெச்ச ஆஸ்பத்திரி! வைத்தியருக்கு எவ்வளவு நெல்லு சம்பளம், மருந்து கொண்டுவர்றவங்களுக்கு எவ்வளவு, எந்தெந்த மருந்து ஸ்டாக்ல இருக்கணும்னு அக்கவுன்ட்ஸ் டிபார்ட்மென்ட் மாதிரி எழுதி வெச்சிருக்காங்க. மாணவர்களோட சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்குக்கூட எண்ணெய் ஒதுக்கியிருக்காங்க சாமி! நம்ம மெஸ் கமிட்டிக்கு யாராவது ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கப்பா.

மெக்கானிக்கல், சிவில் பசங்களுக்கு ஒரு துணுக்கு. இந்த லைனோட காஞ்சிபுரம் – அரக்கோணம் பகுதியில 1865லேயே ரயில் ஓடியிருக்கு. அப்போ தண்டவாள அகலம் மூணரை அடி. அப்புறம் மீட்டர் கேஜ் ஆகி, இப்போ பிராட் கேஜ். வாலாஜாபாத் தாண்டினா இறங்க ரெடியாகிடலாம்.

சரி, கடிகைக்கு வருவோம்.

நாலாம் நூற்றாண்டு. இன்னிக்குக் கர்நாடகாவுல இருக்கிற பகுதியிலிருந்து மயூரசர்மன்னு ஒரு பையன், தன்னோட குருவையும் கூட்டிக்கிட்டு மேல்படிப்புக்குக் காஞ்சி வர்றான். கடிகையில சேர்றான். வந்த இடத்துல பல்லவ குதிரை வீரன் ஒருத்தனோட பெரிய தகராறு. பையனுக்கு ரோஷம் வந்துடுச்சு. கையில இருந்த தர்ப்பையைப் போட்டுட்டு வாளை எடுத்துட்டான். எல்லைக் காவலை அடிச்சு நொறுக்கி, காட்டுக்குள்ள புகுந்து, பல்லவர்களுக்கு அவ்வளவு குடைச்சல் கொடுத்தான். கடைசியில 'சரி, அந்தப் பக்கத்தை நீயே வெச்சுக்க'ன்னு ராஜாவே இறங்கி வர வேண்டியதாப் போச்சு. அப்படி உருவானதுதான் பனவாசியைத் தலைநகரமா வெச்ச கதம்ப ராஜ்ஜியம். டிராப் அவுட் ஆகி கம்பெனி ஆரம்பிச்ச பில் கேட்ஸ் கதையைத்தானே எல்லா செமினார்லயும் சொல்றாங்க? நம்மாளு டிராப் அவுட் ஆகி ஒரு நாட்டையே ஆரம்பிச்சிருக்கார்! ஷிமோகா மாவட்டத்துத் தாளகுந்தா தூண்ல இந்தக் கதை பொறிச்சிருக்கு. காஞ்சி காலேஜுக்கு வெளியூர்ப் பசங்க தேடி வந்து படிச்சாங்கன்னு அந்தத் தூண்தான் நமக்குச் சொல்லுது.

காஞ்சியில இருந்து வெளியே போனவங்களும் உண்டு. 2011ல '7ஆம் அறிவு' வந்த பிறகு போதிதர்மர் பேர் சின்னக் குழந்தைக்கும் தெரியும். தர்மபாலரைத் தெரியுமா? காஞ்சிக்காரர். நாளந்தாவுக்குத் தலைவரா இருந்தவர். ஏழாம் நூற்றாண்டுல சீனாவிலிருந்து வந்த யுவான் சுவாங் இவரைப் பத்தி எழுதியிருக்கார். யுவான் சுவாங்குக்குப் பாடம் சொன்ன சீலபத்ரர், இந்த தர்மபாலரோட மாணவர். இவருக்கு மட்டும் ஏனோ யாரும் படம் எடுக்கலை.

ஸ்டேஷன்ல இறங்கி நேரா வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு நடங்க. ஏகாம்பரநாதர் கோயில் கோபுரம் மாதிரி இது வானத்தைத் தொடாது. ஊர் நடுவுல அமைதியா இருக்கும். பாதி டூரிஸ்ட்டுங்க இந்தப் பக்கம் வர்றதே இல்லை. உள்ளே ஒண்ணு மேல ஒண்ணா மூணு கருவறை. பெருமாள் கீழே உட்கார்ந்திருக்கார், நடுவுல படுத்திருக்கார், மேலே நின்னுட்டிருக்கார். ஆனா நாம போறது சுத்தியிருக்கிற பிராகாரத்துக்கு. சிங்கத் தூண் வரிசைக்குப் பின்னாடி, சுவர் முழுக்க மேல் வரிசை, கீழ் வரிசைன்னு சிற்பங்கள். பல்லவர் வம்சத்தோட வரலாறு மொத்தமும் அந்தச் சுவர்ல ஓடுது. காமிக்ஸ் புக்கை விரிச்சு வெச்ச மாதிரி! சில படங்களுக்குக் கீழே தமிழ்ல விளக்கம்கூட எழுதியிருக்கு. எட்டாம் நூற்றாண்டு சப்டைட்டில்.

அதுல ஒரு சீன்தான் என்னை அப்படியே நிக்க வெச்சது. கி.பி. 731 வாக்குல ராஜா பரமேஸ்வரவர்மன் இறந்துடறார். வாரிசு இல்லை. நாடே அல்லாடுது. ஒரு குழு கிளம்பிப் போகுது. பல்லவ வம்சத்தோட இன்னொரு கிளையைச் சேர்ந்த இரணியவர்மன்கிட்ட போய், 'எங்களுக்கு ஒரு ராஜா வேணும்'னு கேட்கிறாங்க. அவர் தன்னோட நாலு பசங்களைக் கூப்பிட்டு, 'யார் போறீங்க?'ங்கிறார். முதல் பையன் முடியாதுங்கிறான். ரெண்டாவது பையனும் முடியாதுங்கிறான். மூணாவதும் அப்படியே. வேலை கிடைக்காதான்னு நாம ஏங்குறோம்... அங்கே ராஜா போஸ்ட்டுக்கு ஆஃபர் லெட்டரோட வந்தவங்களை மூணு பேர் திருப்பி அனுப்பியிருக்காங்க! கடைசிப் பையன் பல்லவமல்லன் எழுந்து 'நான் போறேன்'ங்கிறான். வயசு 12. அப்பாவுக்கு மனசே இல்லை. பெரியவங்க சமாதானம் சொல்லிக் கூட்டிட்டு வர்றாங்க. மலை, ஆறு, காடு எல்லாம் தாண்டி காஞ்சிக்கு வந்து, நந்திவர்மன்ங்கிற பேர்ல முடி சூட்டிக்கிறான். அறுபது வருஷத்துக்கு மேல ஆண்டு, இந்தக் கோயிலையும் கட்டினது அந்தப் பையன்தான்.

இதுல நம்ம மேட்டர் எங்கேன்னு கேட்கிறீங்களா? ராஜாவைத் தேடிப் போன அந்தக் குழுவுல யார் யார் இருந்தாங்கன்னு கல்வெட்டே சொல்லுது. அதுல ஒரு பேர், 'கடிகையார்'. காலேஜ்காரங்க! நாட்டுக்கு ராஜா யாருன்னு முடிவு பண்ற இடத்துல ஒரு காலேஜுக்கு நாற்காலி இருந்திருக்கு. இங்கே எங்க கிளாஸ்ல ரெப்ரசென்டேட்டிவ் யாருன்னுகூட ஸ்டாஃப் ரூம்லதான் முடிவாகுது. கல்லூரிகள்ல மாணவர் தேர்தல் எப்படி நடத்தணும்னு லிங்டோ கமிட்டி 2006லேயே சொல்லியாச்சு. எத்தனை கேம்பஸ்ல ஓட்டுப் பெட்டியைப் பார்த்திருக்கீங்க, கையைத் தூக்குங்க பார்ப்போம்!

அந்தச் சுவர் முன்னாடி நின்னப்போ என் கூட வந்த சிவில் ஃப்ரெண்ட் ஒரு கேள்வி கேட்டா. "அந்த காலேஜ்ல என்னைச் சேர்த்திருப்பாங்களாடா?" மாட்டாங்க. கடிகைங்கிறது வேதம் படிச்ச பிராமண ஆண்களோட இடம். அவளுக்கு மட்டுமில்லை, எனக்கும் அங்கே சீட் கிடையாது. மயூரசர்மனுக்குக் கோபம் வந்தா வாளெடுக்க முடிஞ்சது. உள்ளேயே விடப்படாத பசங்களோட கோபத்தை யாரும் தூண்ல செதுக்கலை. பெருமைப்படுற அதே நேரத்துல இதையும் சேர்த்தேதான் அந்தச் சுவரைப் பார்க்கணும்னு எனக்குத் தோணுச்சு.

அடுத்து கைலாசநாதர் கோயில். ஊரோட மேற்குக் கோடி, ஆட்டோ பிடிச்சுக்கங்க. ராஜசிம்மன்ங்கிற இரண்டாம் நரசிம்மவர்மன் கி.பி. 700 வாக்குல கட்டினது. அடியில கருங்கல், மேலே மணற்கல். மணற்கல் செதுக்க ஈஸி, ஆனா மழையும் காத்தும் அரிக்கிறதும் ஈஸி. பல சிற்பங்கள்ல மூக்கும் விரலும் கரைஞ்சுபோச்சு. பிற்காலத்துல சுண்ணாம்புச் சாந்து பூசி ஒப்பேத்தியிருக்காங்க. அதுவும் உதிருது. செல்ஃபிக்காகத் தூண் மேல சாயாதீங்க ப்ளீஸ். சுத்தியிருக்கிற குட்டிக் குட்டிச் சன்னதிகள்ல ராஜசிம்மனோட பட்டப் பேர்களை வரிசையா வெட்டியிருக்காங்க. இருநூறுக்கும் மேல! நிக் நேம் விஷயத்துல நம்ம ஹாஸ்டலெல்லாம் பிச்சை வாங்கணும்.

இங்கே தேடவேண்டியது, முன்மண்டபத் தூண்ல இருக்கிற ஒரு கன்னடக் கல்வெட்டு. 'சிவகாமியின் சபதம்' படிச்சவங்களுக்கு முன்கதை தெரியும். 642ல பல்லவப் படை சாளுக்கியர்களோட வாதாபியைப் பிடிச்சது. நூறு வருஷம் கழிச்சு பழிவாங்குற டர்ன் சாளுக்கிய ராஜா இரண்டாம் விக்கிரமாதித்தனுக்கு வருது. நம்ம பன்னிரண்டு வயசுப் பையன் ராஜாவா இருந்தப்போதான். நந்திவர்மனைத் தோற்கடிச்சு காஞ்சிக்குள்ள நுழையறார். கொளுத்தியிருக்கலாம், இடிச்சிருக்கலாம். ரெண்டும் பண்ணலை. கைலாசநாதரோட செல்வத்தைப் பார்த்துட்டு, 'இது கோயிலுக்கே சொந்தம்'னு திருப்பிக் கொடுத்துட்டார். அதைத்தான் தன்னோட மொழியில தூண்ல வெட்டிவெச்சார். கடைசியில வழக்கமான சாபமும் உண்டு. இந்த எழுத்தையும் தர்மத்தையும் அழிக்கிறவனுக்கு என்ன பாவம் வரும்? இந்த ஊர்க் கடிகைப் பெரியவங்களைக் கொன்ன பாவம்! ஜெயிச்சு வந்த எதிரி ராஜாவுக்கே, 'இதைவிடப் பெரிய பாவம் இல்லை'ன்னு சொல்லத் தோணினது அந்த காலேஜ் ஆட்களைத்தான்.

ஊருக்குத் திரும்பின பிறகு அவரோட ராணி லோகமகாதேவி பட்டடக்கல்லுல ஒரு கோயில் கட்டினாங்க, இன்னிக்கு விருபாக்ஷர் கோயில். போட்டோவைக் கூகுள்ல தேடிப் பாருங்க, கைலாசநாதரோட சாயல் தெரியும். பட்டடக்கல் 1987லேயே யுனெஸ்கோ பட்டியல்ல ஏறிடுச்சு. காஞ்சிக் கோயில்கள் 2021லதான் உத்தேசப் பட்டியலுக்கே வந்திருக்கு. வெயிட்டிங் லிஸ்ட்!

ரயிலுக்கு நேரம் இருந்தா, சின்ன காஞ்சிபுரத்துல ஒரு வீட்டையும் பார்த்துட்டு வாங்க. 1909ல ஒரு நெசவாளர் குடும்பத்துல பிறந்த பையனோட வீடு, இப்போ நினைவில்லம். பையன் உள்ளூர்ல பள்ளிக்கூடம் படிச்சு, மெட்ராஸ் பச்சையப்பன் காலேஜ்ல எம்.ஏ. முடிச்சு, 1967ல முதலமைச்சர் ஆனார். அறிஞர் அண்ணா! கடிகை இருந்த அதே ஊர்தான். ஆனா இந்தத் தடவை, ஆள் தேடி யாரும் மலை தாண்டிப் போகலை, ஜனங்க ஓட்டுப் போட்டாங்க. 1989லிருந்து 18 வயசானா அந்த ஓட்டு நமக்கும் உண்டு. ஃப்ரெண்டு அந்த வீட்டு வாசல்ல நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கிட்டா. அன்னிக்கு முழுக்க அவ எடுத்துக்கிட்ட ஒரே போட்டோ அதுதான்.

சாப்பாடு? கோயில் இட்லி கேட்டு வாங்குங்க. மிளகு, சீரகம், சுக்கு வாசனையோட கெட்டியா இருக்கும். ரெண்டு சாப்பிட்டா மதியத்துக்குக் கவலையில்லை. சாயங்காலம் செங்கல்பட்டு பக்கம் போற வண்டி எத்தனை மணிக்குன்னு காலையில இறங்கும்போதே ஸ்டேஷன்ல கேட்டு வெச்சுக்கங்க. திரும்பும்போது ஜன்னல் வலது பக்கம்!