பேதி இல்லையென்றால் கிருமி இல்லையா?

கரிக்கலாம்பாக்கம் சமுதாய நலவழி மையத்திற்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் எப்போது ஓடுகிறாள்? பேதி கண்டு, கண் குழிந்து, நாக்கு வறண்ட பிறகுதான் ஓடுகிறாள். அப்போதுதான் குழந்தையின் பெயர் பதிவேட்டில் ஏறுகிறது. சர்க்கார் எண்ணுவதும் அந்தப் பெயர்களைத்தான். பெயர்கள் குறைந்தால் சுகாதாரம் சீர்பட்டுவிட்டதாக முடிவு கட்டிவிடுகிறார்கள். பதிவேட்டில் ஏறாத குழந்தைகளின் வயிற்றில் என்ன நடக்கிறது? இதுவே நமது கேள்வி.

விடை வெகு தூரத்தில் இல்லை, வேலூரில் இருக்கிறது. பீடி சுற்றும் குடும்பங்கள் நெருங்கி வாழும் அந்த நகரத்தின் ஏழைப் பகுதிகளில், 2002ஆம் ஆண்டில் தொடங்கி, கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ககன்தீப் காங் முதலிய ஆராய்ச்சியாளர்கள் 373 குழந்தைகளைப் பிறந்தது முதல் மூன்று வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். பேதி கண்ட நாளில் சோதித்தது போலவே, குழந்தை சிரித்து விளையாடிய நாளிலும் மலத்தை எடுத்துச் சோதித்தார்கள். 2011இல் முடிவு வெளியாயிற்று. ஆறு மாதம் நிறையுமுன்பே நூற்றுக்கு 56 குழந்தைகளை ரோட்டாவைரஸ் என்னும் நுண்கிருமி தொற்றியிருந்தது. ஒருமுறை வந்து நிற்கவில்லை. திரும்பத் திரும்ப வந்தது. அந்தத் தொற்றுகளில் பெரும்பகுதி பேதியே காட்டாதவை!

தாய்க்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஆனால் கிருமி அந்தக் குழந்தையின் மலத்தோடு வெளியேறுகிறது. கை வழியாக, நீர் வழியாக, பாத்திரம் வழியாக அடுத்த குழந்தையின் வாய்க்குப் போகிறது. அந்த அடுத்த குழந்தை நோஞ்சானாக இருந்தால் அதன் உயிருக்கே ஆபத்து.

இதைக் கேட்டுத் தாய்மார் பீதி கொள்ள வேண்டாம். நன்றாக விளையாடும் குழந்தைக்கு மருந்து வாங்கக் காசைக் கொட்டவும் வேண்டாம். வைரஸ் கிருமியை ஆன்டிபயாடிக் மருந்து கொல்லாது. அறிகுறியில்லாத தொற்றினால் ஒரு நன்மையும் உண்டு. 1980களில் டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் பிறந்த சிசுக்களை ஒருவகை ரோட்டாவைரஸ் தொற்றியது. நோய் எதுவும் வரவில்லை. பின்னாளில் அக்குழந்தைகளுக்கு ரோட்டாவைரஸ் பேதி குறைவாகவே கண்டது. எம்.கே. பான் முதலிய விஞ்ஞானிகள் இதைக் கவனித்தார்கள். அந்தக் கிருமியிலிருந்தே நம் நாட்டின் ரோட்டா சொட்டு மருந்து பிறந்தது. 2016இல் சில மாநிலங்களில் தொடங்கி, 2019இல் நாடெங்கும் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் அது சேர்ந்தது. 6, 10, 14 வாரங்களில் மூன்று தவணை. ஒன்றையும் தவறவிடக் கூடாது.

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. மெக்சிகோ நகரில் 200 குழந்தைகளைக் கவனித்த ஆராய்ச்சி 1996இல் வெளியாயிற்று. அங்கே இருமுறை தொற்றிய குழந்தைக்குப் பிறகு கடும் பேதி வரவேயில்லை. வேலூரிலோ மூன்று முறை தொற்றிய பிறகும் பாதுகாப்பு நூற்றுக்கு 79தான். சொட்டு மருந்தின் நிலையும் அதுவே. பணக்கார நாடுகளில் இத்தகைய மருந்துகள் கடும் பேதியை நூற்றுக்கு 85க்கு மேல் தடுக்கின்றன. டில்லி, பூனா, வேலூர் ஆகிய இடங்களில் சுமார் 6,800 குழந்தைகளிடம் சோதித்தபோது, முதல் ஆண்டில் நம் மருந்து தடுத்தது நூற்றுக்கு 56.

ஏன் இந்த வித்தியாசம்? நம் குழந்தையின் ரத்தம் தாழ்ந்ததா? இல்லை! பிறந்த நாள் முதல் ஓயாமல் தாக்கும் பலவகைக் கிருமிகள், அவற்றால் புண்பட்ட குடல், அரைவயிற்றுச் சாப்பாடு ஆகியவை முக்கிய காரணங்களாக இருக்கலாம் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். வறுமைதான் மருந்தின் பலத்தையும் தின்றுவிடுகிறது.

"கையைக் கழுவு" என்று உபதேசம் செய்கிறார்கள். கழுவத்தான் வேண்டும், சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஆனால் நடவு வயலில், ஏணையில் கிடக்கும் பிள்ளைக்குப் பால் கொடுக்க ஓடிவரும் தாய்க்குச் சோப்பு எங்கே, நீர் எங்கே? வங்கதேசத்திலும் கென்யாவிலும் வீடுவீடாகக் கைகழுவும் வசதியும் கக்கூஸும் குளோரினும் கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தைகளின் வளர்ச்சி அவற்றால் கூடவில்லை என்று 2018இல் தெரிந்தது. சில்லறை ஏற்பாடுகள் போதா. ஊர் முழுவதற்கும் சுத்தமான நீர், ஊர் முழுவதற்கும் சாக்கடை வேண்டும்.

2021இல் புதுவைக் கிராமங்களின் எல்லா வீடுகளுக்கும் குழாய் வந்துவிட்டதாக அறிவிப்பு வந்தது. குழாய் வந்தால் போதுமா? விட்டுவிட்டு நீர் வரும் குழாயில், அழுத்தம் குறைந்த நேரத்தில், விரிசல் வழியே சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படும். இதைத் தட்டிக் கேட்க வேண்டியவை கொம்யூன் பஞ்சாயத்துகள். அவற்றுக்கு 1968க்குப் பிறகு 2006இல்தான் தேர்தல் நடந்தது. 2011இல் பதவிக்காலம் முடிந்த பின் பத்தாண்டுக்கு மேல் தேர்தலின்றியே ஓட்டினார்கள். மக்களுக்குப் பதில் சொல்ல ஆளில்லாத இடத்தில் கிருமிக்குத்தான் கொண்டாட்டம்!

ஆகவே நாம் கோருகிறோம்:

குழாய் நீரைத் தெருமுனையிலேயே மாதந்தோறும் சோதித்து, முடிவை ஊர் அறிய ஒட்ட வேண்டும். ஒவ்வொரு அங்கன்வாடியிலும் ஓடும் நீரும் சோப்பும் இருக்க வேண்டும். வேலைத்தளங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும். தடுப்பு மருந்துக்கும் பேதிக்கும் பிள்ளையைத் தூக்கிச் செல்லும் நாளில் விவசாயத் தொழிலாளிப் பெண்ணுக்குக் கூலி பிடிக்கக் கூடாது. நலவழி மையத்தில் உப்புச்சர்க்கரைப் பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் எந்நாளும் இருக்க வேண்டும்.

1936 ஜூலை 30 அன்று 12 தொழிலாளிகள் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியான பிறகே புதுவை மில் தொழிலாளி எட்டு மணி நேர வேலையைப் பெற்றான். எதுவும் தானாக வந்ததில்லை. வில்லியனூர், பாகூர் வட்டாரத் தோழர்களே! உங்கள் பிள்ளைக்குப் பேதி இல்லையே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை குடிப்பதும் அதே நீர்தான். தெருத்தெருவாகக் கூடுங்கள், கோரிக்கையில் கையெழுத்திடுங்கள், கேட்டுப் பெறுங்கள்!